எகிப்துக்குப் போகலாமா?



இந்த வாரத் தியானத்துக்கான வேதபகுதியை நான் தெரிந்தெடுக்கவில்லை. நமது சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயின் கேள்வி அதைத் தெரிந்தெடுத்தது. இலவ மரங்கள் நிற்கும் சிறு நிலமும் ஒரு பசுவும் இரண்டு பிள்ளைகளும் அவருடைய உலகம். மூத்தவள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்து, மேற்படிப்பும் முடித்தவள். இளையவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். மகளுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் என்னும் ஊரிலுள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்புக் கட்டணம் இல்லை. ஆய்வு உதவியாளராக மாத உதவித்தொகையும் உண்டு. ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய சம்மதத்தோடுதான், பெயர்களை விடுத்து, இதை எழுதுகிறேன்.

"அனுப்பலாமாய்யா?" என்று அந்தத் தாய் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தாமே அடுத்ததையும் கேட்டார்: "போனா திரும்பி வருவாளாய்யா?"

ஏம்ஸ் எப்படிப்பட்ட ஊர் என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். நியூயார்க், சிகாகோ என்று நாம் படங்களில் பார்க்கும் அமெரிக்கா அல்ல அது. மத்திய மேற்கு என்று அவர்கள் அழைக்கும் சமவெளியில், மக்காச்சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் விளையும் வயல்களின் நடுவில் ஒரு சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 66,000. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மாணவர்கள். விடுமுறை வந்தால் ஊரே காலியாகிவிடுமாம். குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும் நாட்களும் உண்டு. நம் ஊரில் மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டிக்கொள்கிறோம். தமிழ் ஆராதனைக்குப் போக வேண்டுமானால் சிகாகோ ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாம் முதல் பாட்டைப் பாடத் தொடங்கும்போது அங்கே சனி இரவு ஒன்பதரை.

செய்தி பரவியதும் சபையில் இரண்டு விதமான ஆலோசனைகள் எழுந்தன. ஒரு சாரார், அந்நிய தேசத்தில் விசுவாசம் கரைந்துவிடும், இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு முதலில் திருமணத்தை முடியுங்கள் என்றார்கள். மறு சாரார், கர்த்தர் எல்லையை விரிவாக்கிவிட்டார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான் என்றார்கள். இரண்டுமே யோசிக்காமல் சொல்லப்பட்ட ஆலோசனைகள் என்பது என் கருத்து. முதல் சாராரின் வாதத்தில் கரிசனையைவிட அச்சம் அதிகம். இரண்டாம் சாராரின் வாதம் நம்முடைய சபைகளில் ஆழமாக வேரூன்றிவிட்ட ஒரு பழக்கம். விசா கிடைத்தவர் முன்னே வந்து சாட்சி சொல்கிறார். கிடைக்காதவர் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். கிடைத்த வாய்ப்பை வேண்டாமென்று விட்டு ஊரிலே தங்கிய ஒருவர் அதற்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்ததை என் ஊழியக் காலத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இடம்பெயர்தல் நமக்குப் புதிதா என்ன? கம்பம் பள்ளத்தாக்கில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசுகிறவர்களின் முன்னோர் தலைமுறைகளுக்கு முன்னே வடக்கிலிருந்து வந்தவர்கள். வருசநாட்டுக் காட்டைத் திருத்திப் பயிர் செய்த நம் தாத்தாக்களில் பலர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மூட்டைமுடிச்சோடு மூல வைகை ஓரமாக நடந்து வந்தவர்கள். 1959-இல் வைகை அணை முடிந்தபோது நீருக்கடியில் போன கிராமங்களின் மக்கள் சிதறிப்போனார்கள். இன்றைக்கும் விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. அந்த ஜீப்பில் ஏறுகிற பெண்ணிடம் யாரும், இது கர்த்தருடைய சித்தமா என்று கேட்பதில்லை. பாஸ்போர்ட் கையில் எடுத்தவளிடம் மட்டும் கேட்கிறோம்.

எனினும் அந்தத் தாயின் கேள்விக்கு இதெல்லாம் பதில் ஆகாது. ஆகவே வேதத்துக்கு வருகிறேன்.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில் தேசத்தில் பஞ்சம் உண்டாகிறது. ஈசாக்கு எகிப்துக்குப் போகலாம் என்ற நிலையில் கேராருக்கு வந்து நிற்கிறான். கர்த்தர் அவனைப் போகவேண்டாம் என்று தடுக்கிறார். அவன் அங்கேயே விதைக்கிறான். அந்த வருஷத்திலேயே நூறுமடங்கு அறுக்கிறான். பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட தன் தகப்பனுடைய கிணறுகளை மறுபடியும் தோண்டுகிறான். சண்டை வந்த கிணறுகளை விட்டு விலகி விலகி, கடைசியில் பெயெர்செபாவுக்கு வந்து ஒரு பலிபீடம் கட்டுகிறான்.

இருபது அதிகாரங்கள் கழித்து, 46-ஆம் அதிகாரத்தில், மறுபடியும் பஞ்சம். மறுபடியும் அதே எகிப்து. இம்முறை பயணப்படுகிறவன் ஈசாக்கின் மகன் யாக்கோபு. வண்டிகள் வந்துவிட்டன, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். கிழவனோ பெயெர்செபாவில் நின்றுவிடுகிறான். தன் தகப்பனாகிய ஈசாக்கின் தேவனுக்குப் பலியிடுகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் வார்த்தை, எகிப்துக்குப் போகப் பயப்படவேண்டாம் என்பது.

தகப்பனுக்குப் போகாதே, மகனுக்குப் போ. தேசம் ஒன்று, காரணமாகிய பஞ்சமும் ஒன்று. அரசரடி இறையியல் கல்லூரியில் மாணவனாயிருந்த நாட்களில் இவ்விரு பகுதிகளையும் தனித்தனியே வாசித்திருந்தேன். ஊழியத்துக்கு வந்தபின்தான், யாக்கோபு ஏன் வேறெங்கும் நிற்காமல் பெயெர்செபாவில் நின்றான் என்பதை யோசித்தேன். அது அவனுடைய தகப்பன் பலிபீடம் கட்டிய இடம். அதைத் தாண்டினால் தெற்கே வறண்ட வெளி, அதற்கப்பால் எகிப்து. போகவேண்டாம் என்று தகப்பனுக்குச் சொல்லப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த மகன் அந்த எல்லையில் பயந்திருக்க வேண்டும். தகப்பனுக்குக் கிடைத்த பதிலைத் தனக்கும் பதிலாக வைத்துக்கொண்டு அவன் திரும்பிவிடவும் இல்லை, வண்டி வந்துவிட்டதே என்று கேளாமல் கடந்துவிடவும் இல்லை. நின்று, தனக்காகக் கேட்டான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈசாக்கு நின்ற இடத்தில் அவன் கைக்கு வேலை இருந்தது. தோண்டவேண்டிய கிணறுகள் இருந்தன. யாக்கோபை இழுத்தது ஒரு மனிதன், காணாமற்போன மகன். பஞ்சம் இன்னும் ஐந்து வருஷம் மீதமிருந்தது என்பது உண்மை. ஆனால் யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று கேட்டதும் அவன் சொல்வது தானியத்தைப் பற்றியல்ல, சாகுமுன்னே போய் அவனைப் பார்ப்பதைப் பற்றி.

எனவே அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது இதுதான்: மகளே, இங்கே உன் கைக்கென்று தூர்ந்துகிடக்கும் கிணறு ஏதாவது இருக்கிறதா? அங்கே உன்னை இழுப்பது எது? அவள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். பிறகு தக்காளியைப் பற்றிப் பேசினாள். விலை விழும் வாரங்களில் பறிகூலிக்கும் கட்டாது என்று விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதை ஆண்டிபட்டிச் சாலையில் சிறுமியாயிருந்த நாள் முதல் பார்த்தவள் அவள். அறுவடைக்குப் பின் காய்கனிகள் வீணாகாமல் காப்பதுதான் அவள் ஆராயவிரும்பும் பொருள். கிணறு இங்கே இருக்கிறது, தோண்டும் கருவி அங்கே இருக்கிறது என்பது அவள் பதிலின் சாரம். எனக்கு அது நேர்மையான பதிலாகத் தோன்றியது.

ஆனால் தாய்க்குச் சொல்லவேண்டியது வேறு. அதைச் சொல்வது கடினமாயிருந்தது.

பஞ்சம் மீதமிருந்தது ஐந்து வருஷம். யாக்கோபின் குடும்பம் அதற்காகவே போனது. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் அவர்கள் வெளியே வரும்போது சொல்லப்படும் கணக்கு 430 வருஷம். அந்தக் கணக்கில் கானானில் தங்கிய காலமும் சேருமா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். எப்படிக் கூட்டினாலும் அது ஐந்து அல்ல. அந்தப் பெண்ணின் படிப்பும் ஐந்து வருஷம்தான். அதன்பின் அங்கேயே வேலைப்பயிற்சி பெற ஒரு வருஷமும், அறிவியல் படித்தவர்களுக்கு மேலும் இரண்டு வருஷமும் அனுமதி உண்டு. பிறகு வேலை விசா. பிறகு திருமணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளி. நிரந்தரக் குடியிருப்புக்கு இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் வரிசையோ மிக நீளமானது. அந்தக் காத்திருப்பில், ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்குமோ என்று அஞ்சி, பெற்றோரின் அடக்க ஆராதனையைக் கைபேசித் திரையில் பார்த்தவர்கள் உண்டு. யாரும் தாயை மறந்துவிடத் திட்டமிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு படியும் நியாயமான படிதான்.

ரெபெக்காளை நினைத்துப் பாருங்கள். தன் பெண்ணை அனுப்பும்போது ஒரு பத்து நாளாவது இருக்கட்டுமே என்று அவளுடைய தாயும் சகோதரனும் கேட்டார்கள். பின்பு பெண்ணையே அழைத்து, போகிறாயா என்று கேட்டார்கள். போகிறேன் என்று அவளே சொன்னாள். அந்தத் தாய் அவளை மறுபடியும் கண்டதாக வேதத்தில் இல்லை. வருஷங்கள் கழிந்து அதே ரெபெக்காள், மூத்தவனின் கோபம் தணியும்வரை சிலநாள் போய்த் தங்கியிரு என்று யாக்கோபை அனுப்புகிறாள். நானே ஆள் அனுப்பி உன்னை அழைப்பேன் என்கிறாள். அந்தச் சிலநாள் இருபது வருஷமாயிற்று. யாக்கோபு திரும்பி வந்து தகப்பனைக் கண்டான். தாயைக் கண்டதாகச் சொல்லப்படவில்லை. ரெபெக்காளின் தாதி இறந்ததையும் எங்கே அடக்கம்பண்ணப்பட்டாள் என்பதையும் எழுதிய வேதம், தாயும் மகனும் மறுபடி சந்தித்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இதை நான் அந்தத் தாயிடம் மறைக்கவில்லை. அம்மா, ஐந்து வருஷம் என்று எண்ணி அனுப்பாதீர்கள். திரும்பாமலும் போகலாம் என்று தெரிந்தே அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள், இல்லையென்றால் இப்பொழுதே முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்றேன். கண்டிப்பாய் வந்துவிடுவேன் என்று மகளிடம் சத்தியம் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். யாக்கோபு யோசேப்பினிடத்தில் வாங்கிய ஆணை, தன்னை எகிப்தில் அடக்கம்பண்ணாதே என்பது ஒன்றுதான். சென்னைத் தூதரகத்தில் மாணவர் விசா நேர்காணலில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் அமரப்போகும் அதிகாரியும், படிப்பு முடிந்து திரும்பிப் போவாயா என்பதைத்தான் ஆராயப்போகிறார் என்பது வேறு விஷயம். அமெரிக்கச் சட்டத்தின் கேள்வியும் வருசநாட்டுத் தாயின் கேள்வியும் ஒன்றாயிருப்பதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஏம்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வேறொரு மனிதரின் நினைவு வந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1860-களில் மிசௌரி மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கன்சாஸில் ஒரு கல்லூரி கடிதத்தின் மூலம் அவருக்கு இடம் கொடுத்தது. நேரில் போனபோது அவர் கறுப்பர் என்று கண்டு வாசலிலேயே மறுத்துவிட்டது. 1890-இல் அயோவாவிலுள்ள சிம்ப்சன் கல்லூரி என்னும் சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அவர் செடிகளை வரையும் விதத்தைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், இவர் தாவரவியல் படிக்க வேண்டியவர் என்று உணர்ந்து, தம் தகப்பனார் தோட்டக்கலைப் பேராசிரியராயிருந்த ஏம்ஸுக்கு அனுப்பினார். 1891-இல் அங்கே சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் கார்வர்தான். தொடக்கத்தில் மற்ற மாணவர்களோடு அமர்ந்து உண்ண அவருக்கு இடமில்லை. வேலைக்காரர்களோடு நிலவறையில் உண்டார். அதே ஊரில்தான் மாணவர்களோடு ஜெபக்கூட்டங்களில் கலந்துகொண்டார், பட்டம் பெற்றார், ஆசிரியராகவும் நியமிக்கப்பட்டார். ஒரு பேராசிரியரின் சிறுமகனைக் கையைப்பிடித்து அழைத்துப்போய்ச் செடிகளைக் காட்டிக் கொடுப்பார். ஹென்றி வாலஸ் என்ற அந்தச் சிறுவன் பிற்காலத்தில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரானான்.

1896-இல் தெற்கே அலபாமாவிலுள்ள டஸ்கீகியிலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் அவரை அழைத்தார். ஏம்ஸில் நல்ல கண்ணாடிப் பசுமைக்குடிலும் ஆய்வகமும் நிலையான எதிர்காலமும் இருந்தன. டஸ்கீகியில் பருத்தி தின்று தீர்த்த மண்ணும், கடனில் மூழ்கிய கறுப்பின உழவர்களும் இருந்தார்கள். கார்வர் போனார். 1943-இல் இறக்கும்வரை 47 வருஷம் அங்கேயே இருந்தார். மண்ணைத் தேற்ற நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளியையும் பயிரிடக் கற்றுக்கொடுத்து, வண்டியில் ஏற்றிய நடமாடும் பள்ளியை உழவர்களின் வாசலுக்கே அனுப்பினார். (கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி சரியல்ல, அது இல்லாமலே அவர் பெரியவர்தான்.)

கார்வரின் கதையைச் சொன்னால், ஆகவே எல்லாரும் திரும்பித்தான் ஆகவேண்டும் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அப்படித்தான் திரும்பினார். அதே மத்திய மேற்கில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சியில் இருந்தவருக்கு அங்கேயே ஆசிரியப் பணி கிடைத்தது; அதை ஏற்காமல் 1954-இல் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் நம் நாட்டுக் கோதுமையும் நெல்லும் என்னவாயின என்பது நமக்குத் தெரியும். ஆனால் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. இராமானுஜன் 1959-இல் அமெரிக்காவுக்குப் போய், இந்தியானாவில் படித்து, சிகாகோவில் தங்கிவிட்டார். 1962-இல் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணில் பட்டது. சங்கப் பாடல்களை ஆங்கில உலகம் அறிந்தது அவருடைய மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். அவர் ஊர் திரும்பியிருந்தால் அந்த நூலகத்துக்குள் நுழைந்திருக்க மாட்டார். நான் யாரைச் சரி என்று சொல்வது?

நமக்கு எதிர்த்திசையில் வந்தவர்களையும் மறந்துவிடலாகாது. 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார் மாதக்கணக்கில் கப்பலில் வந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தபின், 1845-இல் கோடைக்கானல் மலைமேல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளத்திலிருந்து மலைப்பாதையில் ஏறித்தான் அங்கே போனார்கள். அந்நாட்டுச் சிற்றூர்களில் அவர்களை வழியனுப்பிய தாய்மாரும் இதே கேள்வியை யாரோ ஒரு போதகரிடம் கேட்டிருப்பார்கள். இந்த மண்ணில் இருக்கும் கல்லறைகளை எண்ணினால் பலருக்குக் கிடைத்த பதில் தெரியும்.

அந்தக் குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர்களுக்காக நான் முடிவெடுக்கப் போவதுமில்லை. பெயெர்செபாவில் நிற்கிறவர்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுவது போதகரின் வேலை அல்ல. ஆயினும் அவர்களுடைய முடிவில் பாதி நம் கையில் இருக்கிறது என்பதைச் சபைக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தத் தாயின் அச்சங்களைக் கேட்டபோது, அவை பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை அல்ல. இலவங்காய் பறிக்கும் மாதங்களில் தொரட்டி பிடிக்க யார் வருவார்கள்? வியாபாரி சொல்லும் எடையை யார் சரிபார்ப்பார்கள்? மகனும் கல்லூரிக்குப் போய்விட்டால் இரவில் வீட்டில் தனியே எப்படி இருப்பது? நெஞ்சுவலி என்று நள்ளிரவில் விழித்தால் க.விலக்கு அரசு மருத்துவமனைக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

மகள் போனால் இந்தக் கேள்விகள் நமக்கு வருகின்றன. போகவேண்டாம் என்று சொல்பவர்களும் ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பு என்பவர்களும் இவற்றுக்குப் பதில் தராமல் ஆலோசனை மட்டும் தருவது முறையாகாது.

ஆகவே வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அரைமணி நேரம் தங்கியிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் எந்தெந்த இரவுகள் யார் அந்த வீட்டில் தங்க முடியும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். சொந்தமாக வண்டி வைத்திருக்கும் சகோதரர்களும் இருந்தால் நலமாயிருக்கும்.